பூட்டக்காவும் முப்பத்துநான்கு பேக்கேஜ்களும்

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து எதுவும் தொங்காது. அவள் பூட்டியதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே. எதைப் பூட்டினாய், ஏன் பூட்டினாய் என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் விளக்குவாள். கேட்டவர் கடைசியில் டீ ஆறுகிறது என்று எழுந்து போவார். நான் ஐந்து வருஷத்துக்கு மேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவள் என்பதால் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ரத்தக் குழாய்களை மெஷினில் ஏற்றி இறக்குகிற டெக்னீஷியன் நான். அக்கா எனக்கு வைத்த பெயர் வாயாடி.

அவளுடைய அறை என்று சொல்வது அந்த இடத்துக்குக் கொடுக்கிற மரியாதை. மருந்துப் புட்டிகள் வைக்கிற பெரிய ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் ஃபிரிட்ஜ் கதவில் இடிக்கும். புட்டி எடுக்க யார் வந்தாலும் அக்கா எழுந்து நின்று வழி விட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது எழுந்து உட்காருவாள். ஜன்னல் இல்லை. ரத்தம் சுழற்றுகிற மெஷினின் உறுமல் காலையிலிருந்து காதில் இருக்கும்.

மற்றவர்கள் கம்ப்யூட்டரில் படத்தைத் தட்டுவார்கள். அக்காவின் திரை வெறும் கறுப்பு. வெள்ளை எழுத்தில் கட்டளை அடிக்க வேண்டும். மென்பொருள்கள் சின்னச் சின்னப் பொட்டலமாக வரும், அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். புது மென்பொருளைப் போடுவது, பழையதை எடுப்பது, இருப்பதைப் புதுப்பிப்பது எல்லாம் பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒன்றின் பொறுப்பு. அது கறார் பேர்வழி. ஒன்றைக் கேட்டால், இதற்கு அது வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும், ஆக மொத்தம் பதினேழு வரும், சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கும். சித்தியை அழைத்தால் சித்தியோடு யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்கிற சொந்தக்காரர்களை நான் பார்த்ததில்லை. இது சொல்லும். ஆமாம் என்பதற்கு ஒய் என்ற ஓர் எழுத்தை அடித்தால் வேலை நடக்கும்.

ஒன்றை மட்டும் தொடாதே, அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. அதைத்தான் அக்கா பூட்டு என்பாள். மற்றதெல்லாம் புதுசாகும்போது பூட்டியது மட்டும் பழசாகவே நிற்கும். ஒவ்வொரு தடவையும் திரையின் அடியில், இவை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன என்று ஒரு பட்டியல் வரும். முதலில் அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. போன மாதம் முப்பத்துநான்கு.

அந்த முதல் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவருக்கு ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதால் அப்பாவும் மகளும் முதலில் போனார்கள். அங்கே பார்த்துக்கொள்ள அக்காவின் நாத்தனார் இருந்தாள். அக்கா இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் இருந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. மகளிடம் விரல் விட்டுக் காட்டிச் சொல்லி அனுப்பினாள், மூன்று மாதம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை எட்டு மணிக்கு அக்கா மென்பொருள்களைப் புதுப்பித்தாள். நாற்பது சொச்சம் பேக்கேஜ். சம்மதமா என்று கேட்டது, ஒய் அடித்தாள், ஓடி முடிந்தது. காலி செய்யப்போகிற வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கிற மனசுதான். பத்தரை மணிக்கு வாசல் படியில் ஒரு தையல்காரர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கையில் எங்கள் ரிப்போர்ட். கிரியேட்டினின் 11 என்று அச்சாகியிருந்தது. அது ஒன்று சொச்சம் இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பதினொன்று என்றால் அநேகமாக முடிந்துபோயிற்று என்று அர்த்தம். அந்த மனிதருக்கு உண்மையில் 1.1. நடுவிலிருந்த புள்ளியைக் காணோம். அன்று காலை வெளியே போன இருபத்திரண்டு ரிப்போர்ட்டிலும் புள்ளியைக் காணோம். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் போன் செய்து, உங்கள் லேபில் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் டெஸ்ட் செய்கிறீர்களா என்று கேட்டார்.

லேபின் முதலாளி டாக்டரம்மா. கோபம் வந்தால் கூரை பெயரும். யார் தப்பு என்று தெரிந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.  காலையில் புதுப்பித்தது நான்தான் என்று அக்காவே சொன்னாள். ரிப்போர்ட் அச்சடிக்கிற புரோகிராமை எழுதிய ஆள் எங்கேயோ போய் வருஷக்கணக்காகிறது. அது எண்களைப் படிப்பதற்கு நம்பியிருந்த ஒரு பேக்கேஜும் அன்று மாறிய நாற்பதில் இருந்தது. அக்கா அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய பதிப்பைத் தேடிப் போட்டாள். புள்ளி வந்துவிட்டது. உடனே அதைப் பூட்டினாள்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று காலை அவள் வருவதற்கு முன்பே ரத்தத்தை அளந்து எண்களை அக்காவின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற மெஷினின் தொடுதிரையை நான் ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த துடைப்பில் ஏதோ செட்டிங் திறந்துகொண்டது. வெளியே வருவதற்காகக் கண்டதையும் அழுத்தினேன். வெளியே வந்தபோது எண்களில் புள்ளி இருந்த இடத்தில் கமா இருந்தது. சில நாடுகளில் அப்படி எழுதுவார்கள் என்று படித்த ஞாபகம். எண் சரிதானே என்று விட்டுவிட்டேன். புள்ளியைப் பார்த்தே பழகிய புரோகிராம் கமாவை விழுங்கிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அமளி நடக்கும்போது பயந்துபோய் மறுபடி உள்ளே புகுந்து, புள்ளியாக மாற்றி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி குழாய் கழுவப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்கா சரியாகிவிட்டது என்று கத்தினாள்.

சொல்லியிருக்கலாம். வீட்டில் அப்பா படுக்கையில் இருந்தார், வேலை போனால் கதி இல்லை. அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லியிருந்தால், நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வந்திருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்வதற்கு முதல் நாளைப் போல முப்பது மடங்கு தைரியம் வேண்டும். என்னிடம் ஒரு மடங்கே கிடையாது. அக்காதான் கண்டுபிடித்துச் சரிசெய்தாளே, அப்படியானால் அவளுடைய பேக்கேஜாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வாயாடி இல்லையா, நன்றாகவே சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா அக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் புண்ணியம். “நீ கெடுத்ததை நீயே காவல் காத்துக்கோ. இதை நம்பி ஒப்படைக்க ஒரு ஆள் வரட்டும், அப்புறம் போ” என்றார். அக்கா தலையாட்டினாள். ஏன் ஆட்டினீர்கள் என்று பின்னால் நான் சண்டை பிடித்திருக்கிறேன். தான் போன மறுநாள் இன்னொரு தையல்காரர் வாசலில் உட்கார்ந்து அழுதால் என்ன செய்வது என்பாள். 

பூட்டு பெருகியது இப்படித்தான். பூட்டிய ஒன்று பழசாக நிற்க, அதை நம்பியிருந்த மற்றவை புதுப் பதிப்பைக் கேட்டன. கிடைக்காது என்றதும் அவை உடைகிற நிலைக்கு வந்தன. உடையாமல் இருக்க அவற்றையும் பூட்டினாள். அவற்றை நம்பியவை வரிசையில் வந்து நின்றன. அச்சுப்பொறிக்கான பேக்கேஜ், எழுத்துருவுக்கானது, தகவல் சேமிப்பதற்கானது. புலி வாலைப் பிடித்தவளுக்கு இரண்டு கையும் போதவில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் தேதியும் காரணமும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.

வரத்தான் செய்தார்கள். முதலில் வந்தவர் ஒன்பது நாள் நோட்டைப் படித்துவிட்டு, இதில் கை வைத்தால் என் தலை உருளும் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவள் கெட்டிக்காரி. பூட்டாத ஒரு சின்ன பேக்கேஜைத்தான் புதுப்பித்தாள். அது ஆறு பூட்டை இழுத்து முறுக்கி, அரை நாள் ஒரு ரிப்போர்ட்டும் அச்சாகவில்லை. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பையைத் தூக்கினாள். அவ்வளவுதான், பூட்டக்காவைத் தவிர யாராலும் முடியாது என்று டாக்டரம்மா ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நம் கழுத்தில் மாலையைப் போட்டு அதன் முனையைத் தூணில் கட்டுகிற பாராட்டு அது.

தினமும் நாலு மணிக்கு மகளோடு போன். நாங்கள் இருவரும் டீ குடிக்கிற நேரம் அது என்பதால் எல்லாம் என் காதில் விழும். முதல் வருஷம் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் என்று கேட்டது. இரண்டாம் வருஷம் எந்த மாதம் என்று கேட்டது. மூன்றாம் வருஷத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், படிச்சியா, படிச்சேன். நாத்தனார் போனை வாங்கி, குழந்தைக்குத் தலை பின்னத் தனக்கே கை பழகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.  கணவர் நல்ல மனிதர், ரொம்ப நாள் பொறுத்தார். ஒரு நாள் மட்டும் கேட்டார்: “மெஷின் உன்னை விடலையா, நீ மெஷினை விடலையா?” அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான் மீதி டீயைக் கொட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சனி ஞாயிறு போய் வருவாள். அங்கேயும் போன் கையிலேயே இருக்கும். நாலாவது வருஷம் மகள் பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பேசப்போகிறாள் என்று வெள்ளிக்கிழமையே கிளம்பினாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இங்கே அச்சு நின்றது. வாசலில் நாற்பது பேர். டாக்டரம்மா என்னை அக்காவின் நாற்காலியில் உட்காரவைத்து, போனைக் காதில் கொடுத்தார். பள்ளிக்கூடத்து நடையில் நின்றுகொண்டு அக்கா ஓர் எழுத்தாகச் சொன்னாள், நான் ஓர் எழுத்தாக அடித்தேன். கோடு, இன்னொரு கோடு, இடைவெளி விடு, இப்போது திரையில் என்ன கேட்கிறது, படி. நான் படித்தேன். தப்பாக அடித்தேன். மறுபடி முதலிலிருந்து. அவள் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ குழந்தை பேசுவதும் கைதட்டுவதும் எனக்கே கேட்டது. முக்கால் மணி நேரத்தில் அச்சு ஓடியது. அக்கா உள்ளே போனபோது மகள் பேசி முடித்துக் கீழே இறங்கி, அத்தை மடியில் உட்கார்ந்திருந்தாள். இதை அக்கா திங்கட்கிழமை என்னிடம் சொன்னாள். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வருத்தப்படாதீர்கள் அக்கா, அடுத்த வருஷமும் பேசுவாள் என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் போன மாதம் வந்தார். ஐம்பது வயது, வேலை செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களாம். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். இரண்டே நாளில் நாங்கள் அவருக்கு ஏன்சார் என்று பெயர் வைத்துவிட்டோம். நீல நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு பூட்டுக்கும் ஏன் என்று கேட்டார். முப்பத்துமூன்றுக்கும் பதில் அதற்கு முந்தைய பூட்டு. கடைசியில் முதல் பூட்டில் வந்து நின்றார். அக்கா தையல்காரர் கதையைச் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். திறந்து பார்க்க இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டேன், தரவில்லை, ஓடுகிற கம்ப்யூட்டரில் திறக்கப் பயம் என்றாள்.

மறுநாள் அவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அப்படியே அதில் நகல் எடுத்தார். நகலில் முப்பத்துநான்கு பூட்டையும் ஒரே வரியில் திறந்தார். ஐந்து வருஷத்துப் புதுப்பிப்பு மொத்தமாக வந்தது, சம்மதமா என்று கேட்டது. ஒய் அடிப்பதற்கு முன் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். ஓடி முடிந்ததும் ரத்த மெஷின் அனுப்பிய பழைய அளவுகள் இருநூற்றுப் பத்தை அதற்குள் கொடுத்து ரிப்போர்ட் அடித்தார். இருநூற்றுப் பத்தையும் அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். நாலு மணி போன் வந்தபோதுகூட எடுக்கவில்லை. ஒரு புள்ளி குறையவில்லை.

புட்டி எடுக்க வந்த நான் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

“காக்கா உக்கார பனம்பழம் விழுந்திருக்கும்மா” என்றார் ஏன்சார். “உங்க பேக்கேஜ்ல ஒண்ணுமில்லை. அன்னைக்கு வேற ஏதோ மாறியிருக்கு.”

“வேற என்ன மாறும்?” என்றாள் அக்கா. அவரைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப் மூடிய பிறகு உண்மையான கம்ப்யூட்டரிலும் பூட்டுகளைத் திறந்தார்கள். அடியில் வருகிற பட்டியல் வரவே இல்லை. திங்கட்கிழமை முழுக்க ரிப்போர்ட் ஒழுங்காகப் போனது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “அட, இவ்வளவுதானா? சரி, மாசக் கடைசியில நீ கிளம்பிக்கோ” என்றார். ஐந்து வருஷம் இரண்டு மாதத்தை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குழாயை உடைத்திருப்பேன். ஆனால் யார் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்று நாலு மணிக்கு அக்கா தானே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

“பாப்பா, அம்மா வரேன்டி.”

“சரிம்மா. சனிக்கிழமையா?”

“இல்லடி. மாசக் கடைசியில. மொத்தமா வரேன்.”

 அந்தப் பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பெரிய மனுஷி, பொறுமையாகக் கேட்டாள்: “வந்துட்டு எப்போம்மா திரும்பிப் போவே?”

அக்கா போக மாட்டேன் என்றாள். மகள் சரிம்மா என்றாள். டியூஷனுக்கு நேரமாகிறது, அத்தை கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டாள். அக்கா அழவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஈரத்துணியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். செட்டிங், கமா, திருட்டுத்தனமாகத் திரும்ப மாற்றியது, அப்பா, பயம், பயத்துக்குப் பிறகு பழக்கம். நடுவில் நிறுத்தவே இல்லை. 

முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டாள். “மறுபடியும் புள்ளி எத்தனை மணிக்கு வெச்சே?”

“பன்னெண்டரை இருக்கும்க்கா.”

“நான் பழசைப் போட்டது பன்னெண்டு நாப்பது.” விரலால் மேஜையில் ஏதோ கணக்குப் போட்டாள். “அப்போ நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியே சரியாயிருக்கு. அந்தப் பத்து நிமிஷத்துல ஒரே ஒரு ரிப்போர்ட் அடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கலை.”

என்னைத் திட்டுங்கள் அக்கா என்றேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். யாரோ புட்டி எடுக்க வந்தார்கள். எழுந்து நின்று வழி விட்டாள். அவர்கள் போனதும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“பாப்பாவுக்கு இது எப்பவும் தெரியக் கூடாது. மெஷின்தான் அம்மாவை விடலைன்னு அவ நினைச்சுட்டிருக்கா. அதுவாவது இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். டீயை ஏன்சார் மேஜைக்கு எடுத்துப்போய்க் குடித்தாள். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிடுவாள் என்று நான் தினமும் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கடைசி நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தாள். டாக்டரம்மா, ஏன்சார், வரவேற்பில் இருக்கிறவள், கூட்டுகிற அம்மா, ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டாள். கடைசியாக என் மேஜைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“போறேன்” என்றாள்.